இதில் கேள்வி எங்கே?

நாடாளுமன்றம் நடக்கிற மாதங்களில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு அமைச்சர்கள் கொடுத்த எழுத்துப் பதில்களைப் படிப்பேன். எல்லாவற்றையும் அல்ல. வர்த்தகம், மின்சாரம், கல்வி, இந்த மூன்றை மட்டும். கம்பம்மெட்டுக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற தமிழன் வேறு எதைப் படிப்பான்? ஏலக்காய் வர்த்தக அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அணையும் மின்நிலையமும். என் மகள் படித்தது தமிழ்வழிப் பள்ளியில். ஆக மூன்று அமைச்சர்களும் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரிதான். என் மனைவி இதை "உங்க சீரியல்" என்பாள்.

போன குளிர்காலக் கூட்டத்தொடரின்போது ஒரு பதிலைப் பற்றி ஜீப்பில் சொல்லிக்கொண்டு வந்தேன். காலையில் கம்பத்திலிருந்து காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிற ஜீப். ஓட்டுகிற பையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு வளைவு திரும்பி முடித்ததும், "ஏண்ணே, பார்லிமென்ட்ல கேட்டா காய் விலை ஏறிருமா?" என்றான். கிண்டலாகக் கேட்டிருந்தால் நானும் கிண்டலாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி, "விலை ஏறுனா நமக்குக் கூலி ஏறுமான்னு கேளு" என்று அவனுக்கு மேலே ஒரு துணைக் கேள்வியைப் போட்டார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்புறம் வந்த நாட்களிலும் அது உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது. இந்தக் கேள்வி நேரத்தால் எங்களை மாதிரி எல்லையில் கிடக்கிறவர்களுக்கு என்ன லாபம்? பொழுதுபோக்குத்தானா?

டிவியில் தெரிகிற பாதி

மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வரும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்கலாம். இன்னும் 230 கேள்விகள் நட்சத்திரம் இல்லாமல் வரும், அவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில். யார் கேள்வி எத்தனையாவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். 20 இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் நாலைந்தைத் தாண்டினால் அதிகம். மிச்சத்துக்கெல்லாம் எழுத்துப் பதில்தான் கதி.

வாயால் சொல்கிற அந்த நாலைந்தைத்தான் நாம் டிவியில் பார்க்கிறோம். 2025 மார்ச் 10-ஆம் தேதி நினைவிருக்கும். மத்திய அரசின் பிஎம்ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டம் பற்றிய கேள்விக்குக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பதில் சொல்லப்போய், தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வார்த்தையை விட்டு, திமுக உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, கடைசியில் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றார். அன்று சாயங்காலம் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. தமிழ்நாடு தனக்கு வரவேண்டும் என்று சொன்ன 2,152 கோடி ரூபாய், மத்திய அரசின் சமக்ர சிக்ஷா பள்ளிக்கல்வித் திட்டப் பணம், என்ன ஆயிற்று என்று கேட்டவர்களைவிட, அமைச்சர் சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஏழு மாதம் கழித்து அதே திட்டத்துக்குக் கேரளமும் கையெழுத்துப் போட்டது. ஆளும் கூட்டணிக்குள்ளேயே சண்டை வந்து, நிறுத்திவைக்கிறோம் என்றும் சொன்னது. இடுக்கியில் இருக்கிற தமிழ்வழிப் பள்ளிக்கு இந்த இரண்டு மாநிலச் சண்டையும் ஒன்றுதான். இரண்டிலும் எங்கள் பெயர் வராது.

பிரதானைப் பற்றி இன்னொன்று. 2014 முதல் 2021 வரை அவர் பெட்ரோலிய அமைச்சர். சிலிண்டர் விலைக்கும் எரிவாயுக் குழாய்க்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வந்தார். பியூஷ் கோயல் 2014-இல் மின்சாரமும் நிலக்கரியும் பார்த்தார், இப்போது எங்கள் ஏலக்காய்க்கு அவர்தான். இந்த இரண்டு பேரின் பழைய பதில்களையும் புதிய பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஆள் மாறின மாதிரியே தெரியாது, துறை மாறின மாதிரியும் தெரியாது. "(அ) முதல் (ஈ) வரை: அரசு பல்வேறு நடவடிக்கைகளை எடுத்துள்ளது" என்று ஒரே குரல். ஏனென்றால் அந்தக் குரல் அவர்களுடையது அல்ல. அமைச்சகத்தில் ஒரு பிரிவு அலுவலர் எழுத, அது படிப்படியாக மேலே போய்த் திருத்தப்பட்டு, கடைசியில் அமைச்சர் பெயரில் வெளியே வருகிறது. அமைச்சர் என்கிற மனிதரைப் பார்க்க வேண்டுமானால் துணைக் கேள்வி வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்போதும் அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு வந்துகொண்டிருக்கும்.

ஆனாலும் நான் எழுத்துப் பதிலின் கட்சி. சத்தம் போட்டுச் சொன்னதைத் திரும்பப் பெறலாம், அவைக் குறிப்பிலிருந்து நீக்கலாம். எழுத்தில் வந்தது தேதியோடும் பெயரோடும் அங்கேயே கிடக்கும். 1957 கடைசியில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்கிற தொழிலதிபருடைய கம்பெனிகளின் பங்குகளை வாங்கியதைப் பற்றி மக்களவையில் கேள்வி வந்தபோது, முதலில் சொன்ன பதிலுக்கும் பிறகு பெரோஸ் காந்தி எடுத்து வைத்த விவரங்களுக்கும் பொருந்தாமல் போனதுதான் சிக்கலின் ஆரம்பம். விசாரணை ஆணையம் வந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேட்டவரும் ஆளும் கட்சிக்காரர், அதுவும் பிரதமரின் மருமகன். அப்படி ஒரு காலம். 2020 செப்டம்பரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்தபோதுகூட எழுத்துக் கேள்வி மிச்சமிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி கோணினால்

ஜீப்காரப் பையனுக்கு முந்த்ரா கதையைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவன் கேட்டது காய் விலை. சரி, விலைக்கே வருகிறேன். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அழுகி, அதற்கடுத்த கோடையில் காய்ந்து, சரக்கே இல்லாத நேரம் அது. இருந்தவன் பிழைத்தான். அந்த விலையை நம்பிக் கடன் வாங்கிப் புதிதாக நட்டவர்கள் காய் எடுக்க ஆரம்பிக்கும்போது, விலை ஆயிரத்தை ஒட்டி வந்து நின்றது. ஸ்டோரில் காயவைத்த சரக்கைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு, விற்பதா வைப்பதா என்று தெரியாமல் பச்சை நிறம் மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வருடம்தான். பச்சை போனால் விலையும் போய்விடும்.

இதற்குக் காரணம் என்ன என்று எங்கள் பக்கத்தில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் காரணம் வரும். குவாத்தமாலாக் காய், கள்ளச் சரக்கு, ஏலத்தில் வாங்கிய சரக்கையே வியாபாரிகள் திரும்பக் கொண்டுவந்து ஏலத்தில் வைப்பது, வளைகுடாவில் பூச்சிமருந்து எச்சத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவது. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் விளைவித்து ஏற்றுமதி செய்வது குவாத்தமாலாதான், அது ஊரறிந்தது. ஆனால் எது எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கை அகலம் காட்டுவார்கள். இந்த அகலத்தை எண்ணாக மாற்றித் தர வேண்டிய கடமை உள்ள ஆள் இந்த நாட்டில் யாரென்றால், வர்த்தக அமைச்சர். அதுவும் கேட்டால்தான் தருவார்.

கேட்கிற விதத்தில்தான் சமாச்சாரமே இருக்கிறது. மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டில் மின்சாரம் இல்லாத கிராமங்கள் எத்தனை என்று ஓர் உறுப்பினர் கேட்டால், 2018 ஏப்ரல் 28-க்குப் பிறகு அமைச்சர் தைரியமாகப் பூஜ்யம் என்று சொல்லலாம். பொய்யே இல்லை. மணிப்பூரில் கடைசிக் கிராமத்துக்கு அன்றுதான் கம்பி போய்ச் சேர்ந்தது. ஆனால் அரசின் கணக்கில் ஒரு கிராமத்தில் பத்தில் ஒரு வீட்டுக்கும், பள்ளி, பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரிப் பொது இடங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டால் அது மின்சாரம் வந்த கிராமம். மீதி ஒன்பது வீடு இருட்டில் இருந்தாலும் பதில் சரிதான். கிராமம் என்று கேட்டதற்குப் பதிலாக வீடு என்று கேட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். கேரளம் அதற்கு முந்தைய வருடமே, 2017 மே மாதம், எல்லா வீட்டுக்கும் மின்சாரம் கொடுத்துவிட்டதாக அறிவித்தது. இடுக்கியில் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களிடம் அந்த அறிவிப்பைப் பற்றிப் பேசினால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். ஒரு லயத்துக்கு ஒரு மீட்டர் என்றால் அது எத்தனை வீட்டுக் கணக்கு?

அந்த அறிவிப்பு வந்தபோது மின்துறை அமைச்சர் யார் தெரியுமா? எங்கள் உடும்பன்சோலைத் தொகுதி எம்.எல்.ஏ. எம்.எம். மணி. மணி ஆசான் என்றால்தான் மலையில் தெரியும். 2016 நவம்பரில் அவர் அமைச்சரானபோது பட்டாசு வெடித்தோம். மலையேறிப் பிழைக்க வந்த குடும்பத்து ஆள், ஏலத்தோட்டம் தெரிந்தவர், இனிமேல் நம் விஷயம் எல்லாம் சபையில் பேசப்படும் என்று ஒரே சந்தோஷம். அந்த அஞ்சு வருடத்தில் நான் கவனித்தது இதுதான். அமைச்சராகிவிட்டவர் கேள்வி கேட்க முடியாது, பதில் மட்டும்தான் சொல்லலாம். ஒரு தொகுதி அமைச்சரைப் பெற்றால் தன் கேள்வி கேட்கிற ஆளை இழக்கிறது. 2021-இல் அதே மின்துறை பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் எம்.எல்.ஏ. கே. கிருஷ்ணன்குட்டிக்குப் போனது. அதுவும் எல்லைத் தொகுதி, தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிற தொகுதி, பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரை எதிர்பார்த்து நிற்கிற தொகுதி. ஆக அடுத்தடுத்து இரண்டு எல்லைத் தொகுதிகள் மின்துறை அமைச்சரைக் கொடுத்துவிட்டு வாய்மூடி உட்கார்ந்திருந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனால் எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியான தற்செயலாகவே தோன்றும்.

மூன்று சபைகளுக்கு நடுவில்

எங்கள் ஊரின் உண்மையான வியாதி, எங்கள் விஷயம் எதுவும் ஒரு சபைக்குள் முழுசாக அடங்காது என்பது. நிலம் கேரளத்தில். வேலைக்கு வருகிறவர்கள் தமிழ்நாட்டில். காய் விற்பது ஒரு நாள் புத்தடியில் என்றால் இன்னொரு நாள் போடியில். அந்த இரண்டு ஏலமும் நடப்பது டெல்லியின் கீழ் வருகிற ஸ்பைசஸ் போர்டின், அதாவது நறுமணப் பொருள் வாரியத்தின், மேற்பார்வையில். கூலி பற்றித் திருவனந்தபுரத்தில் கேட்டால் வேலைக்காரர்கள் வெளிமாநிலத்தவர். சென்னையில் கேட்டால் தோட்டம் வெளிமாநிலத்தில். டெல்லியில் கேட்டால் அது மாநில அரசைச் சார்ந்தது. மூன்றுமே சட்டப்படி சரியான பதில்கள். ஜீப்பில் அந்த அக்கா போட்ட துணைக் கேள்விக்கு இந்தியாவில் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சர் ஒருவர்கூட இல்லை என்று எனக்குப் புரிந்த அன்று கொஞ்சம் பயமாகவே இருந்தது.

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும்போது லோயர் கேம்ப்பில் மலைமேலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் அது. அணை நிற்பது கேரள மண்ணில், கட்டியது அன்றைய சென்னை மாகாண அரசு, பராமரிப்பது தமிழ்நாடு, 1886-ஆம் வருடத்துக் குத்தகை 999 ஆண்டுகளுக்கு. 1970-இல் போட்ட துணை ஒப்பந்தத்தில்தான் அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கத் தமிழ்நாட்டுக்கு உரிமை வந்தது. குத்தகைப் பணமும் ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ஆனது. இந்த அணையைப் பற்றி மூன்று சபையிலும் எத்தனையோ கேள்விகள் வந்துவிட்டன. கேரள உறுப்பினர் கேட்பது அணையின் வயது. தமிழ்நாட்டு உறுப்பினர் கேட்பது நீர்மட்டம் எப்போது 152 அடி ஆகும் என்று. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்று சொன்னதை டெல்லி அமைச்சர் இரண்டு பேருக்கும் படித்துக் காட்டுவார். அணைக்குக் கீழேயும் தமிழன் இருக்கிறான், அணைத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்திலும் தமிழன் இருக்கிறான், 2011 டிசம்பரில் அணைச் சண்டையில் குமுளிப் பாதை அடைபட்டபோது நடுவில் மாட்டிக்கொண்டவனும் தமிழன். தோட்டத்தில் சாமான்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காட்டு வழியாக இறங்கினவர்களைப் பற்றி எந்தச் சபையில் யார் கேட்பது?

பள்ளிக்கூடமும் அப்படித்தான். அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க ஏற்பாடு செய்யச் சொல்கிறது. 350-ஆ இதைக் கவனிக்க ஒரு தனி அதிகாரியையே வைக்கச் சொல்கிறது. அவர் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போன பின்னணியில் படித்தால், இந்தப் பிரிவுகள் எங்களுக்காகவே எழுதிய மாதிரி இருக்கும். கேரளமும் இதில் மோசம் இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம், கேள்வித்தாள் தமிழில் அச்சாகி வரும். ஆனால் பரீட்சை தாண்டினால் பிள்ளைகள் போகிற கல்லூரி கம்பத்திலோ போடியிலோ தேனியிலோ. அங்கே வெளிமாநிலப் பிள்ளை. உதவித்தொகை, ஒதுக்கீடு, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரு படி கீழே.

சான்றிதழ் விஷயம் இன்னும் சிக்கல். பட்டியல் சாதிக் கணக்கு மாநில வாரியாக 1950 உத்தரவிலிருந்து ஓடுகிறது. அதற்குப் பிறகு எல்லை தாண்டி வந்த குடும்பத்துக்கு வந்த மாநிலத்தில் அந்த உரிமை கிடையாது. தாத்தா எந்த வருடம் மலையேறினார் என்பதற்கு ஒரு தேயிலைத் தொழிலாளி வீட்டில் என்ன காகிதம் இருக்கும்? தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ. ராஜாவுக்கே இந்த வழக்கு வந்தது. 2021-இல் தமிழில் உறுதிமொழி எடுத்தவர். அவருடைய தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் செல்லாது என்றது, 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அவர் வழக்கறிஞர் வைத்து டெல்லி வரை போனார். பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளை அட்மிஷன் தேதிக்குள் அந்தப் பதிலுக்கு எங்கே போவாள்? இதைக் கல்வி அமைச்சரிடம் கேட்டால் சமூகநீதி அமைச்சகத்தைக் கேள் என்பார். அங்கே கேட்டால் சான்றிதழ் கொடுப்பது மாநில அரசு என்பார்கள்.

பென்சில்

இப்படியெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான், எங்கள் பக்கத்துச் சிறு விவசாயிகள் சிலர் சேர்ந்து ஓர் எம்.பி.யின் அலுவலகத்துக்கு மனுக் கொண்டுபோனோம். எந்த எம்.பி. என்பது இங்கே முக்கியமில்லை. மனுவை எழுதியவர் தமிழ்வழிப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல தமிழில் முழுநீளத் தாளில் இரண்டு பக்கம். ஏல விவசாயியின் கண்ணீரில் ஆரம்பித்து, இடைத்தரகர்களின் சதி, இறக்குமதிக் கொள்ளை, மத்திய அரசின் பாராமுகம் என்று போய், நடவடிக்கை எடுப்பாரா அமைச்சர் என்று முடியும். படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. மலையாளத்திலும் ஒரு பிரதி எடுத்திருந்தோம்.

அங்கே உதவியாளராக இருந்தது ஒரு மலையாளிப் பையன். மரியாதையாக உட்காரச் சொல்லி, டீ சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்தான். அதுவே பெரிய விஷயம். படித்து முடித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, "இதில் சோத்யம் எவிடெ, சாரே?" என்றான். இதில் கேள்வி எங்கே என்று. வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "கடைசி வரியைப் பாருங்க தம்பி" என்றார். பையன் கோபப்படவில்லை. அது வேண்டுகோள், கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு விதிகளை விளக்கினான். 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. வாதம் இருக்கக் கூடாது. குற்றச்சாட்டு, கிண்டல், அடைமொழி எதுவும் கூடாது. அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாததைக் கேட்கக் கூடாது. 15 நாள் முன்னால் கொடுக்க வேண்டும். சொல்லிக்கொண்டே பென்சிலால் அடித்துக்கொண்டு போனான். கண்ணீர் போனது. சதி போனது. கொள்ளை என்பது இறக்குமதி என்று சுருங்கியது. பாராமுகம் முழு வரியாகப் போனது. இரண்டாம் பக்கத்தில் நடுவில் ஒரு வரி மட்டும் மிஞ்சியது. ஏலத்தில் ஒரு தடவை விற்ற சரக்கு மறுபடியும் ஏலத்துக்கு வருகிறதே என்று வாத்தியார் போகிற போக்கில் எழுதியிருந்த வரி. அதன் அடியில் கோடு போட்டு, "இது உண்டு" என்றான்.

அந்த ஒரு வரியை அவன் நான்கு உட்பிரிவாக விரித்தான். ஏலத்துக்கு வரும் மொத்தச் சரக்கில் விவசாயி நேரடியாகக் கொண்டுவருவது எவ்வளவு, கடந்த மூன்று வருடத்துக்கு, வருட வாரியாக. வாங்கியதே திரும்ப வருவதைத் தனியாகப் பதிவு செய்கிறார்களா. செய்கிறார்கள் என்றால் அந்த விவரம் என்ன. இல்லை என்றால் காரணம் என்ன. அவ்வளவுதான். அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆனால் இந்த நாலையும் படித்தபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. எங்கள் இரண்டு பக்கத்துக்கும் ஓர் அமைச்சர் "அரசு பல்வேறு நடவடிக்கைகளை எடுத்துள்ளது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம், அது பொருந்தும். இந்த நாலுக்கு அந்தப் பதில் பொருந்தாது. பதிவு செய்கிறோம், செய்யவில்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டாலும், கேட்டது மேலே, சொல்லாதது கீழே, ஒரே தாளில் காலாகாலத்துக்கும் அச்சில் இருக்கும். விவரம் சேகரித்து அவையில் வைக்கிறோம் என்று நழுவினால் அதுவும் வாக்குறுதிதான். அதற்கென்றே 1953-லிருந்து மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. கணக்குப்படி நடக்கிறதா என்பது வேறு பேச்சு.

கீழே இறங்கி வரும்போது வாத்தியார் பேசவே இல்லை. பஸ் ஸ்டாண்டில்தான், "முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் எடுத்தவன் நான்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி அந்தக் கூட்டத்தொடரில் குலுக்கலில் வரவில்லை. அடுத்ததில் மறுபடியும் கொடுக்கலாம் என்றான் பையன். ஜீப்காரப் பையனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப விலை?" என்றான். விலை ஏறாதுடா தம்பி என்றேன். உண்மை அதுதானே. எண் தெரிந்தால் விலை ஏறிவிடாது. ஆனால் எண் தெரியாத வரைக்கும், விலை ஏன் இறங்கியது என்று கேட்டால் வியாபாரி சொல்வதுதான் காரணம், அவர் சொன்னதுதான் கணக்கு. அவர் ஒரு சீசனில் குவாத்தமாலா என்பார், அடுத்த சீசனில் ரம்ஜான் ஆர்டர் வரவில்லை என்பார். மறுத்துப் பேச என் கையில் ஒன்றும் இருக்காது. அந்த அளவுக்குத்தான் என் எதிர்பார்ப்பு.

வாத்தியார் இப்போது கட்சி மாறிவிட்டார். தகவல் உரிமைச் சட்டம் போதும் என்கிறார். பத்து ரூபாய், முப்பது நாள், எம்.பி. தயவு வேண்டாம். ஸ்பைசஸ் போர்டுக்கு ஒன்று, பள்ளிக்கல்விக்கு ஒன்று என்று எழுதிப் போட்டும் விட்டார். அவரோடு நான் இதில் சண்டை போடுகிறேன். தகவல் அதிகாரி தன் அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைத்தான் தருவார், இல்லையென்றால் இல்லை என்று எழுதி முடித்துக்கொள்வார். ஏன் இல்லை என்று அவரைக் கேட்க முடியாது. அமைச்சரைக் கேட்கலாம். "கேட்டா மட்டும்?" என்கிறார் வாத்தியார்.

இப்போது சான்றிதழ் விஷயத்துக்கு ஒரு கேள்வி எழுதிக்கொண்டிருக்கிறேன். கேரளத்தில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்து வேறு மாநிலக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களுக்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகையை எந்த மாநிலம் கொடுக்கிறது, மூன்று வருட விவரம், மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, காரணம் என்ன. மூன்று உட்பிரிவு நேராக வந்துவிட்டது. நான்காவதில் 1950 தேதியைச் சேர்க்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன், அது வாதமாகிவிடும், அடித்துவிடுவார்கள் என்கிறார். விதி எல்லாம் என்னைவிட அவருக்குத்தான் இப்போது மனப்பாடம். கல்வி அமைச்சருக்கு அனுப்புவதா, சமூகநீதி அமைச்சருக்கு அனுப்புவதா என்பதில்தான் இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.